கட்டம் கட்டமா நடந்து பார்த்த பாதாளம்

ராத்திரி த்ரீபேஸ் கரண்டுக்குக் காத்திருக்கற நேரத்துல லேப்டாப்புல என்னங்க பண்றீங்கன்னு ரெண்டு மூணு பேரு கேட்டுட்டாங்க. விளையாடறேனுங்க. அதுவும் 30, 40 வருசத்துக்கு முந்தின விளையாட்டு. மஞ்சளையும் தென்னையையும் பத்தியே எழுதிட்டு இருக்கற எடத்துல இது என்னடா புதுசான்னு நினைக்காதீங்க. கொஞ்சம் பொறுமையா படிச்சா, தோட்டத்துக்கே வந்து சேருவோம்.

நான் சொல்றது ‘டஞ்சன்’ விளையாட்டுங்க. நாலு பேரோ ஆறு பேரோ சேர்ந்த ஒரு கூட்டம் பாதாளத்துக்குள்ள இறங்குது. அவங்க கண்ணுக்கு என்ன தெரியுதோ அது மட்டும்தான் நம்ம திரையில தெரியும். முன்னால சுவரு, பக்கத்துல கதவு, தூரத்துல இருட்டு. மேலருந்து பார்க்கற வசதி கிடையாது. ஒரு தடவ அழுத்துனா ஒரு கட்டம் முன்னால போவோம். திரும்புனா முழுசா 90 டிகிரி திரும்புவோம். அரைத் திருப்பம்னு ஒண்ணு இல்ல.

1994-ல கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் படிக்கப் போனப்பத்தான் எனக்கு இது பழக்கம். லோட்டஸும் டிபேஸும் சொல்லிக் குடுத்த எடத்துல, யாரோ ஃபிளாப்பியில கொண்டுவந்து போட்ட ‘ஐ ஆஃப் தி பிஹோல்டர்’ ஒரு மெசினுல இருந்துச்சு. வகுப்பு முடிஞ்சு அரை மணி நேரம் கிடைக்கும். அந்த விளையாட்டுல சேவ் பண்ண ஒரே ஒரு எடம்தான். காலைல வர்ற பேட்சுல ஒருத்தரு ஆடி சேவ் பண்ணிட்டா, நேத்து சாயங்காலம் நான் போன தூரம் அத்தனையும் அழிஞ்சு போயிரும். நாலு மாசம் மறுபடி மறுபடி முதல் தளத்துலருந்தே ஆரம்பிச்சேன். அதுக்கு மேல நான் போனதே இல்ல.

இப்ப, 30 வருசம் கழிச்சு, அதையும் அதோட அண்ணன் தம்பிகளையும் வரிசையா எடுத்து ஆடிட்டு இருக்கறேன். பழசை நினைச்சு ஏங்கறதுக்காக இல்ல. அன்னைக்குப் பிரமாதமாத் தெரிஞ்சது இன்னைக்கும் நிக்குதான்னு பார்க்கத்தான். சிலது நிக்குது. சிலது நிக்கல.

எல்லாத்துக்கும் மூத்தவரு மாதிரி நிக்கறது ‘விசார்ட்ரி’. 1981-ல ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்தது. அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல படிச்சிட்டிருந்த ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட்னு ரெண்டு பேரு எழுதுனது. அதுக்கு முன்னாடியே 1970-கள்ல, இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தோட பிளாட்டோங்கற பெரிய கம்ப்யூட்டர் வலையில மாணவருங்க இந்த மாதிரி விளையாட்டு எழுதி ஆடிட்டு இருந்தாங்க. அதுக்கெல்லாம் மூலம் 1974-ல வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசை விளையாட்டு. ஆனா ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர்ல, ஆறு பேரு கூட்டத்தோட, காசு குடுத்து வாங்கி ஆடற பொருளா அதை ஊரெல்லாம் பரப்புனது விசார்ட்ரிதான். அதுல வர்ற வில்லன் மந்திரவாதி பேரு வெர்ட்னா. அவன் திருடுன தாயத்தை மீட்டுட்டு வரச் சொல்ற ராசா பேரு ட்ரெபோர். எழுதுன ரெண்டு பேரோட பேரை இங்கிலீசுல பின்னாடிருந்து படிச்சுப் பாருங்க, தெரியும்.

பத்து தளம். ஒவ்வொரு தளமும் 20-க்கு 20 கட்டம். ஆக மொத்தம் 4,000 கட்டம். சுவருன்னா கருப்புல வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். மேப் கிடையாது. கிராஃப் தாளும் பென்சிலும் வச்சுக்கிட்டு ஒவ்வொரு அடிக்கும் நாமளேதான் வரையோணும். அதைத் தெரிஞ்சுக்கிட்டே நம்மளைக் குழப்ப என்னென்னவோ பண்ணி வச்சிருக்காங்க. ஒரு கட்டத்துல கால் வச்சா சத்தமில்லாம நம்மளைத் திருப்பி விட்டுரும். வடக்கே போறோம்னு நினைச்சுக் கிழக்கே வரைஞ்சுட்டு இருப்போம். இன்னொரு எடத்துல கும்மிருட்டு, சுவரே தெரியாது. கிழக்கு ஓரத்தைத் தாண்டுனா மேற்கு ஓரத்துல வந்து நிப்போம். நாம எங்க நிக்கறோம்னு சொல்ல ஒரு மந்திரம் இருக்குது. படிக்கட்டுலருந்து கிழக்கே இத்தனை, வடக்கே இத்தனைன்னு மட்டும்தான் அது சொல்லும். மேப்பைக் காட்டாது. வரையற வேலை நம்முளுதுதான்.

செத்தா செத்ததுதான். கூட்டம் மொத்தமா செத்துப்போனா உடம்பும் ஆயுதமும் அங்கயே கிடக்கும். புதுசா இன்னொரு கூட்டத்தைச் சேர்த்து, அங்க வரைக்கும் நடந்து போயி, பொணத்தைத் தூக்கிட்டு வரோணும். அதுக்கு வழி தெரியோணுமே? அதனால அந்தத் தாள்தான் உசுரு. இடம் விட்டு இடம் தாவற மந்திரமும் ஒண்ணு இருக்குது. கணக்குத் தப்பிப் பாறைக்குள்ள போய் விழுந்தா, மொத்தக் கூட்டமும் காலி.

இன்னைக்கு ஆடிப் பார்த்தா, உண்மையச் சொல்லோணும்னா, விசார்ட்ரி பாதிதான் நிக்குது. சும்மா சண்டை போட்டு ஆளுங்களை வளர்க்கற வேலை ரொம்ப நீளம். களை எடுத்த பாத்தியிலயே மறுபடி களை எடுக்கற மாதிரி. இன்னொரு வேடிக்கை, சாவியும் பொருளும் கிடைச்சு வழி புரிஞ்சிருச்சுன்னா நடுவுல அஞ்சுலருந்து எட்டு வரைக்கும் தளங்களுக்குப் போகவே வேண்டியதில்ல. நான் போனேன். வரைஞ்சேன். ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா அந்த பயம் இருக்கு பாருங்க, திரும்பி வர வழி இருக்குமாங்கற பயம், அது 40 வருசம் கழிச்சும் அப்படியே இருக்குது. 2024-ல டிஜிட்டல் எக்லிப்ஸ்ங்கற கம்பெனி இதையே புதுப் படத்தோட வெளியிட்டாங்க. அடியில பழைய விளையாட்டே ஓடுது, மூலையில அந்த ஆப்பிள் 2 திரையையும் பார்த்துக்கலாம். அந்த வருசம்தான் கிரீன்பெர்க் காலமானதும்.

அடுத்தது ‘டஞ்சன் மாஸ்டர்’. 1987, அடாரி எஸ்.டி. கம்ப்யூட்டருக்கு எஃப்.டி.எல். கம்பெனி செஞ்சது. இதுதான் என் மனசுக்குப் புடிச்சது. விசார்ட்ரியில நீங்க பொத்தானை அழுத்தற வரைக்கும் உலகம் நின்னுட்டிருக்கும். இதுல நிக்காது. நீங்க யோசிச்சிட்டு நின்னா பந்தம் எரிஞ்சு தீரும், பசி எடுக்கும், தாகம் எடுக்கும், பின்னாலருந்து ஒண்ணு வந்து கடிக்கும். தண்ணிக் குடுவையை ஊத்து இருக்கற எடத்துல ரொப்பி வச்சுக்கோணும். சாப்பாடு தீர்ந்தா, அடிச்ச காளான் பூதத்தையே துண்டு போட்டுத் தின்னுக்கலாம். விவசாயி எழுதுன விளையாட்டோன்னு தோணும்.

அதுல இன்னொண்ணு புடிச்சது, வேலை பழகற விதம். மத்ததுல எல்லாம் புள்ளி சேர்ந்தா மட்டம் ஏறும். இதுல எதைச் செய்யறோமோ அதுதான் வளரும். கத்தி வீசுனா வீரன், கல்லெறிஞ்சா நிஞ்சா, மந்திரம் சொன்னா மந்திரவாதி. மந்திரத்துக்குப் பட்டியல் கிடையாது. எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்து நாமளே எழுதோணும். அங்கங்க கிடக்கற ஓலைச்சுருள்ல சிலது இருக்கும், மீதியை முயற்சி பண்ணித்தான் கண்டுபுடிக்கோணும். முதல்ல தப்புத் தப்பா வரும். செய்யச் செய்யத்தான் கை பழகும். கதவுக்கு நேரா பூதம் நிக்கறப்ப பட்டனை அழுத்தி அது தலை மேலயே கதவை இறக்கற தந்திரம் ஒண்ணு இருக்குது. எத்தனை தடவ பண்ணுனாலும் சிரிப்பு வரும்.

அதே வழியில 1991-ல வந்ததுதான் நான் சொன்ன ‘ஐ ஆஃப் தி பிஹோல்டர்’. வெஸ்ட்வுட் கம்பெனி செஞ்சது, எஸ்.எஸ்.ஐ. வெளியிட்டது. வாட்டர்டீப்ங்கற ஊருக்கு அடியில ஓடற சாக்கடைக்குள்ள நாலு பேரு இறங்கறாங்க. இறங்குன உடனே பின்னால கல்லு சரிஞ்சு வாசல் மூடிக்குது. அப்புறம் கீழே போறதைத் தவிர வேற வழியில்ல. மொத்தம் 12 தளம். தரையில தட்டு இருக்கும், மிதிச்சா எங்கயோ கதவு திறக்கும், காலை எடுத்தா மூடிக்கும். கல்லைத் தூக்கி அது மேல வச்சிட்டுப் போகோணும். சுவருல ஒரு செங்கல் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி தெரியும், அழுத்துனா வழி விடும். இதுலயும் மேப் கிடையாது. திசைகாட்டி மட்டும் உண்டு.

சண்டையில ஒரு ஆட்டம் இருக்குது. அது அடிக்க வர்றப்ப பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்து, திரும்பி, ஒரு அடி அடிச்சு, மறுபடி நகர்ந்துக்கறது. உதைக்கற எருமைகிட்டப் பால் கறக்கறவங்களுக்கு இதைத் தனியா சொல்லித்தர வேண்டியதில்ல. 1994-ல சிலந்திங்க இருக்கற தளத்தையே நான் பார்க்கல. இந்த வருசம்தான் கடைசி வரைக்கும் போயி அந்தக் கண்ணு வச்ச உருண்டையை முடிச்சேன். முடிச்சா என்ன ஆச்சு தெரியுங்களா? டாஸ் பதிப்புல முடிவுக் காட்சின்னு ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் எழுத்து வருது, ஊரு நன்றி சொல்லுது, அவ்வளவுதான். 30 வருசம் காத்திருந்தது இதுக்கான்னு ஆயிருச்சு. ஆனா மேசை மேல 12 தாளு இருந்துச்சு, என் கையால வரைஞ்சது. சரி, முடிவு அதுதான்னு எடுத்துக்கிட்டேன்.

பள்ளிக்கூட லீவுக்கு அக்கா பையன் வந்திருந்தான். பதினஞ்சு வயசு. ஃபோன்ல துப்பாக்கி விளையாட்டு ஆடறவன். பக்கத்துல உக்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துட்டு, “ஏனுங்க மாமா, இதுல மேப்பே இல்லீங்களா?”ன்னான்.

“இல்ல மாப்ள. நாமதான் வரையோணும்.”

“அப்ப இவனுங்க காசு வாங்கிட்டு பாதி வேலையை நம்ம தலையில கட்டிட்டாங்க.”

சிரிச்சிட்டேன். ஆனா ரெண்டு நாள்ல அவன்தான் பென்சிலைப் புடுங்கிக்கிட்டான். நான் நடக்க, அவன் வரைய. “நில்லுங்க மாமா, ரெண்டு கட்டம் தள்ளிட்டீங்க, திரும்பி வாங்க.” நான் வரைஞ்சது கிறுக்கல், அவன் வரைஞ்சது அச்சு மாதிரி. கதவுக்கு ஒரு குறி, படிக்கட்டுக்கு ஒரு குறி, தெரியாத எடத்துக்கு ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறி இருக்கற வரைக்கும் அடுத்த தளத்துக்கு எறங்க விடமாட்டான்.

இனித் தோட்டத்துக்கு வர்றேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு வருசம் ஆச்சு. குச்சி ஊனி நடப்பாரு. எல்லாம் புரியும். பேச்சு மட்டும் போயிருச்சு. அவருக்கு மிச்சம் இருக்கறது ஒரே ஒரு வார்த்தை, “அதான்”. பசிச்சாலும் அதான், கோவம்னாலும் அதான். எழுதவும் வரல.

எங்க தோட்டம் 5 ஏக்கர். ஒரு கிணறு, ரெண்டு போர். மண்ணுக்கு அடியில போற பைப்பு லைன் எல்லாம் அப்பா காலத்துல அவரு போட்டது. முதல்ல சிமெண்ட் பைப்பு, அதுக்கப்புறம் மூணு இஞ்சு பிவிசி, நடுவுல போர் போட்டப்ப அதை இதோட இணைச்சது, ஒரு லைனை மூடியடிச்சு விட்டது. கேட்வால்வு சிலது தொட்டி கட்டி வெளிய தெரியுது, சிலது மண்ணு மூடிப் போச்சு. எது எங்க போகுது, எது உசுரோட இருக்குது, எது செத்த லைனுன்னு ஒரு தாள்லயும் இல்ல. எல்லாம் அவரு தலைக்குள்ளதான். கேட்டா நடந்து போயி குச்சியில ஒரு எடத்தைக் குத்துவாரு, அங்க தோண்டுனா இருக்கும். பேச்சு இருந்த வரைக்கும் அது போதுமா இருந்துச்சு.

சித்திரை மாசம் கிழக்கே இருக்கற 40 தென்னைக்குத் தண்ணி போகல. மோட்டார் ஓடுது, கிணத்துல தண்ணி இருக்குது, வால்வு திறந்திருக்குது. போய்ச் சேரல. எங்கயோ அடியில உடைஞ்சு மண்ணு குடிக்குது. ஜேசிபி விட்டு நீளமா தோண்டலாம்னா, குறுக்கே போற நல்ல லைனு எத்தனை உடையுமோ? பைப்பு வேலைக்காரரு வந்து பார்த்துட்டு, “லைனு தெரியாம கை வைக்க முடியாதுங்க, புதுசாவே போட்டுருங்க”ன்னு சொல்லி ஒரு தொகையும் சொன்னாரு. மஞ்சளுக்கு அந்த வருசம் கிடைச்ச விலையில அது ஆகற காரியம் இல்ல. தென்னை ஓலை கீழ்வரிசை காஞ்சு தொங்க ஆரம்பிச்சிருச்சு.

ஃபோன்ல சேட்டிலைட் படத்தை எடுத்து அப்பாகிட்ட நீட்டுனேன். கிணறு தெரியுது, களம் தெரியுது, ஒவ்வொரு தென்னையும் நட்சத்திரம் மாதிரி தெரியுது. “லைனு எங்கப்பா போகுது?”ன்னு கேட்டேன். அவரு பார்த்தாரு, திருப்பிப் பார்த்தாரு, என் மூஞ்சியைப் பார்த்தாரு. எழுபது வருசமா நடக்கற தோட்டம். மேலருந்து பார்த்தா அது எதுன்னே அவருக்குத் தெரியல. சர்வே வரைபடத்தைக் காட்டுனாலும் அதே கதைதான். கோவம் வந்து குச்சியைத் தரையில தட்டி “அதான், அதான்”னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

இதைப் பார்த்துட்டு இருந்த பையன்தான் சொன்னான். “மாமா, அப்புச்சிக்கு மேப் தெரியாதுங்க. அவரு உள்ள இருந்து பார்க்கறவரு. அவரை நடக்க விட்டு நாம வரைஞ்சா என்னங்க?”

அன்னைக்குச் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அப்பாவைக் கிணத்து மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். டெலிவரி பைப்பு மண்ணுக்குள்ள எறங்கற எடத்துல நிக்க வச்சோம். ஒண்ணும் கேக்கல. மோட்டாரை மட்டும் போட்டோம். அவரு கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுட்டு நின்னாரு. அப்புறம் கிழக்கே பார்த்து நடக்க ஆரம்பிச்சாரு. வரப்பு மேல இல்ல, பாத்தியைக் குறுக்கே வெட்டி நேரா. ஒரு எடத்துல நின்னாரு. குச்சியை ரெண்டு தட்டு தட்டுனாரு. “அதான்.” தெக்கே திரும்புனாரு, முழுத் திருப்பம். மறுபடி நடந்தாரு.

பையன் டேப்பைப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு திருப்பத்தையும் அளந்தான். நாலு கிராஃப் தாளை ஒட்டி, ஒரு கட்டம் பத்தடின்னு கணக்கு வச்சுக்கிட்டான். அந்தக் கணக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்லருந்து வர்ற பழக்கம்தான், அதுலயும் பழைய மேப்புல ஒரு கட்டம் பத்தடி. ராத்திரி உக்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். 5 ஏக்கர்னா 2,178 கட்டம். விசார்ட்ரி பாதாளத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல.

நாலு சாயங்காலம் ஆச்சு. அரை மணிக்கு மேல அவரால நடக்க முடியாது. ஆனா பாருங்க, முதல் நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டியிருந்த மனுசன், மூணாம் நாள் நாலு மணிக்கே குச்சியோட வாசல்ல உக்கார்ந்திருந்தாரு. எங்களுக்கு எதுக்காக நடக்கறோம்னு அவருக்கு நல்லா புரிஞ்சிருந்துச்சு. தாளைக் காட்டுனா பார்க்க மாட்டாரு, அதுல அவருக்கு அக்கறையில்ல. பையன் தப்பான எடத்துல நின்னா மட்டும் குச்சியில அவன் கணுக்காலைத் தட்டி ஒதுக்குவாரு.

அவரு தட்டுனது மொத்தம் 11 எடம். எட்டு எடத்துல தோண்டுனதும் வால்வோ, டீயோ, எல்போவோ இருந்துச்சு. ஒண்ணு ரெண்டடியில, ஒண்ணு மூணடியில. ஆறாவது எடத்துல மண்ணு சேறா கெடந்துச்சு. பழைய சிமெண்ட் பைப்பும் பிவிசியும் சேர்ற எடம். வேப்ப வேரு உள்ள பூந்து பொளந்திருக்குது. வேலைக்காரரு வந்து ரெண்டு மணி நேரத்துல புதுத் துண்டு போட்டு ஒட்டிட்டுப் போனாரு. மறுநாள் கடைசித் தென்னை வரைக்கும் தண்ணி போச்சு.

ஒன்பதாவது எடத்துல மூணடி தோண்டியும் ஒண்ணும் இல்ல. அப்பா நகர மாட்டேங்கறாரு. தட்டித் தட்டி “அதான்”ங்கறாரு. வேலைக்காரரு, பெரியவருக்கு நினைப்புத் தப்பிருச்சுங்கன்னு சொல்லிட்டாரு. அம்மா தண்ணி கொண்டு வந்தவங்க குழியைப் பார்த்துட்டுச் சொன்னாங்க, “அது பைப்பு இல்லடா. கவலை ஓட்டுன பழைய கிணறு அங்கதான் இருந்துச்சாம். நான் கல்யாணமாகி வர்றதுக்கு முந்தியே மூடிட்டாங்க.” எனக்கு அப்படி ஒரு கிணறு இருந்ததே தெரியாது. அம்மாவும் கண்ணால பார்க்கல, சொல்லக் கேட்டதுதான். நாங்க பைப்பைக் கேட்டோம், அவரு தோட்டத்தைச் சொல்லிட்டு இருந்திருக்காரு. பையன் அந்தக் கட்டத்துல ஒரு வட்டம் போட்டு ‘கிணறு, மூடியது’ன்னு எழுதுனான்.

மீதி ரெண்டு எடத்துல கேள்விக்குறிதான். மஞ்சள் நிக்கற நிலம், அறுவடை முடியாம தோண்ட முடியாது.

இதுக்கப்புறம் நான் எடுத்து ஆடுனது ‘அல்டிமா அண்டர்வேர்ல்ட்’. 1992-ல புளூ ஸ்கை புரொடக்சன்ஸ்ங்கற கம்பெனி செஞ்சது, அதைத்தான் அப்புறம் லுக்கிங் கிளாஸ்னு சொன்னாங்க. கட்டம் கட்டமா தாவற வேலையெல்லாம் இதுல போயிருச்சு. நம்ம மாதிரியே தாராளமா நடக்கலாம், அண்ணாந்து பார்க்கலாம், குதிக்கலாம், நீந்தலாம். தூண்டில் போட்டு மீன் புடிக்கலாம். மக்காச்சோளக் கதிரை எரியற பந்தத்தோட சேர்த்தா பொரிஞ்சு வரும். சத்தியமா. அதைப் பண்ணிப் பார்க்கறதுக்கே நான் சோளக்கதிரைச் சுமந்துக்கிட்டு அலைஞ்சேன்.

அதுல மேப் தானா வரும். ஆனா ஒரு அருமையான காரியம் பண்ணியிருக்காங்க. அந்த மேப்பு மேல நாமளே எழுதிக்கலாம். ‘இங்க கதவு பூட்டு’, ‘இவன் பொய் சொல்றான்’, ‘மீன் கிடைக்குது’ன்னு. வரைபடம் அவங்க குடுத்தது, குறிப்பு நம்முளுது. நான் பார்த்ததுலயே சரியான ஏற்பாடு அதுதான்.

கதையும் நமக்குத் தெரிஞ்ச கதைதான். அந்தப் பாதாளத்துல கேபிரஸ்னு ஒரு பெரிய மனுசன், மனுசங்க, குள்ளருங்க, பல்லி மனுசங்க, பூதங்க எல்லாரும் ஒண்ணா இருக்கற ஒரு குடியிருப்பை உண்டாக்கியிருக்காரு. அவரு செத்ததும் ஆளாளுக்கு ஒரு மூலையைப் புடிச்சுக்கிட்டுப் பேசிக்கறதே இல்ல. அவரு சேர்த்து வச்ச எட்டுப் பொருளும் திசைக்கு ஒண்ணா போயிருச்சு. எது எங்கன்னு முழுசா ஒருத்தருக்கும் தெரியாது. ஒருத்தனுக்கு ஒண்ணு தெரியும், இன்னொருத்தனுக்கு வேற தெரியும். ஒவ்வொருத்தர்கிட்டயும் பொறுமையா பேசிப் பேசித்தான் சேர்க்கோணும். ஊருல பெரியவரு போனதும் பங்காளிக தனித்தனியா வேலி போட்டுக்கறதைப் பார்த்தவங்களுக்கு இந்த விளையாட்டு புதுசாத் தெரியாது.

யாராச்சும் ஆடிப் பார்க்கோணும்னு நினைச்சா, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

முதல்ல விசார்ட்ரிக்குப் போகாதீங்க, வெறுத்துப் போயிரும். ‘லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக்’ 2012-ல ஃபின்லாந்துல நாலு பேரு சேர்ந்து செஞ்சது. டஞ்சன் மாஸ்டரோட பேரன்னு சொல்லலாம். படம் நல்லா இருக்கும், பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடும். ஆரம்பிக்கறப்பவே மேப் வேண்டாம்னு அணைச்சுக்கற வசதியும் இருக்குது. ஒரு தடவயாச்சும் அணைச்சுட்டு ஆடுங்க. அது புடிச்சா டஞ்சன் மாஸ்டர், அப்புறம் ஐ ஆஃப் தி பிஹோல்டர். பழைய டாஸ் விளையாட்டு எல்லாம் இப்ப டாஸ்பாக்ஸ்ங்கற மென்பொருள் மூலமா ஓடுது. ஐ ஆஃப் தி பிஹோல்டரும் அண்டர்வேர்ல்டும் ஜிஓஜியில விலைக்குக் கிடைக்குது, அதிக விலையில்ல. 

வரையறது மட்டும்தான் புடிச்சிருக்குன்னா, ஜப்பான்ல அட்லஸ் கம்பெனி 2007-ல நிண்டெண்டோ டி.எஸ்.ல கொண்டுவந்த ‘எட்ரியன் ஒடிசி’ இருக்குது. மேல் திரையில நடக்கறது, கீழ்த் திரையில பேனாவுல நாமளே மேப் வரையறது. அங்க விசார்ட்ரிக்கு அமெரிக்காவுலயே இல்லாத மரியாதை உண்டு. ‘டிராகன் குவெஸ்ட்’ எழுதுன யூஜி ஹோரிகூட விசார்ட்ரியை விரும்பி ஆடுனவருதான். எட்ரியன் ஒடிசியோட முதல் மூணு பாகமும் 2023-ல கம்ப்யூட்டருக்கும் வந்திருச்சு.

எதை ஆடுனாலும் கிராஃப் தாள் வாங்கி வச்சுக்கங்க. பென்சில், நல்ல ரப்பர். முதல் படிக்கட்டை தாளோட நடுவுல போடாதீங்க, எந்தப் பக்கம் வளரும்னு தெரியாது, பக்கத்துல இன்னொரு தாளை ஒட்ட எடம் விடுங்க.

பையன் ஊருக்குப் போறப்ப எங்க தோட்டத்துத் தாளை ஃபோட்டோ எடுத்து லேமினேட் பண்ணச் சொல்லிட்டுப் போனான். மூல்த்தாள்ல இன்னும் பென்சில்தான், மையில எழுத விடல. “ரெண்டு கட்டம் பாக்கி இருக்குதுங்க மாமா. தை மாசம் மஞ்சளை வெட்டுனதும் கூப்பிடுங்க, நான் வந்துதான் தோண்டோணும்”னு சொல்லியிருக்கான். அப்பாகிட்டயும் போய்ச் சொன்னான். அவரு என்ன சொல்லியிருப்பாருன்னு உங்களுக்கே தெரியும்.